உப்பின் கணக்கு யார் கையில்?

உயர் ரத்த அழுத்தம் என்றவுடன் 'உப்பைக் குறையுங்கள்' என்று சொல்லாத மருத்துவர் இல்லை. நானும் அன்றாடம் சொல்கிறேன். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உண்ண வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆனால், உண்ட உப்பில் உடலில் தங்குவது எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு என்பதை முடிவு செய்வதில் ஒரு ஹார்மோனுக்கும் பங்கு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் கரைந்துள்ள உப்பு சுமார் ஒன்றரை கிலோ. அதில் 99 விழுக்காட்டை நெஃப்ரான் எனப்படும் நுண்குழாய்கள் மீண்டும் ரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. அக்குழாய்களின் கடைசிப் பகுதியில் எஞ்சியிருக்கும் சிறு பங்கை என்ன செய்வது என்பதில்தான் அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனின் ஆணை செல்லுபடியாகிறது.

உடலில் உப்போ ரத்த ஓட்டமோ குறைந்தால், சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை வெளியிடுகிறது. அதன் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்டீரோனைச் சுரக்கச் செய்கிறது. அது சோடியத்தைத் தக்கவைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. உப்பு போதுமான அளவை எட்டியதும் ரெனின் அடங்கும், அல்டோஸ்டீரோனும் குறையும். நலமுள்ள உடலின் ஒழுங்கு இது.

இந்த ஒழுங்கு இருவகையில் குலைகிறது. முதலாவது, அட்ரினல் சுரப்பி யாருக்கும் கட்டுப்படாமல் தானே சுரப்பது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜெரோம் கான், 1955-இல் இந்நோயை விவரித்தார். உயர் ரத்த அழுத்தமும் தசைத் தளர்ச்சியும் கொண்டிருந்த 34 வயதுப் பெண்ணின் அட்ரினல் கட்டியை அகற்றியதும் அவர் நலமடைந்தார். நெடுங்காலம் அரிதெனக் கருதப்பட்ட இந்நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு 5 பேருக்காவது இருக்கும் என்று இன்று தெரிகிறது. பொட்டாசியம் குறைந்தால்தான் இந்நோய் என்பதும் பொருந்தாது. பெரும்பாலோருக்கு அது இயல்பாகவே இருக்கிறது.

இரண்டாவது, சிறுநீரகமே பழுதடைவது. ரத்த ஓட்டம் குன்றிய நெஃப்ரான்கள், உடலில் உப்பு மிகுந்திருக்கும்போதும் ரெனினைச் சுரந்துகொண்டிருக்கின்றன. உப்பு தேங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தம் எஞ்சிய நெஃப்ரான்களையும் சிதைக்கிறது. ஆஞ்சியோடென்சினைத் தடுக்கும் மாத்திரைகள் இந்தச் சுழலைத்தான் உடைக்கின்றன. 'மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்' என்று அஞ்சி அவற்றைத் தாமாகவே நிறுத்துவோர், காவலனையே விரட்டுகிறார்கள். அதேவேளை, இவை பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும் என்பதால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை. பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது. இந்துப்பும் தீர்வாகாது, அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான்.

அல்டோஸ்டீரோன், ரெனின் இரண்டின் அளவையும் ஒப்பிட, ஒருமுறை ரத்தம் எடுத்தால் போதும். உயர் ரத்த அழுத்தம் உள்ள அனைவருக்கும் இப்பரிசோதனையைச் செய்யலாம் என்று அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2025-இல் பரிந்துரைத்துள்ளது. கண்டறியப்பட்டால், சிலருக்கு அறுவை சிகிச்சையும், ஏனையோருக்கு ஸ்பைரனோலாக்டோன் போன்ற பழகிய, விலை குறைந்த மருந்தும் பலனளிக்கும்.

தமிழகத்தில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மூன்று மருந்துகளுக்கும் அழுத்தம் அடங்காதவர்களுக்காவது இப்பரிசோதனை எல்லா மாவட்டங்களிலும் எளிதில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். ஹார்மோனின் பிழையை நோயாளியின் நாக்கின் மீது சுமத்தி, பத்தியத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போவது மருத்துவம் ஆகாது.