ஒரு சுருட்டு, ஒரு முறைப்பு, ஒரு திருட்டு: சர்ச்சில் படத்தின் கதை

இன்னிக்கு ஒரே ஒரு போட்டோவைப் பற்றித்தான் பேசப்போறோம். அதை நீங்க எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீங்க. கறுப்பு வெள்ளைப் படம். இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிற்கும் பெரிய மனிதர். முகத்தில் சிரிப்பே இல்லை, கேமராவை முறைக்கிறார். வின்ஸ்டன் சர்ச்சில். பிரிட்டனில் 2016-ல் வந்த ஐந்து பவுண்டு நோட்டில் இருக்கும் முகமும் இந்தப் படத்திலிருந்து எடுத்ததுதான்.

ஹிட்லரை எதிர்த்து நின்ற மனிதரின் உறுதி இந்த முகத்தில் தெரியுதுன்னு உலகமே சொல்லும். ஆனா அந்த நிமிஷம் அவருக்கு வந்த கோபத்துக்கும் ஹிட்லருக்கும் சம்பந்தம் இல்ல. அது ஒரு சுருட்டால வந்த கோபம்.

நாள் 1941 டிசம்பர் 30. இடம் லண்டன் இல்லை. கனடா நாட்டின் தலைநகர் ஒட்டாவா. ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவுக்குப் போய் அவர்களின் நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு, சர்ச்சில் அடுத்ததாக கனடா நாடாளுமன்றத்துக்கு வந்தார். இங்கிலாந்தின் கழுத்தை மூன்று வாரத்தில் கோழிக் கழுத்து மாதிரி திருகிவிடுவார்கள் என்று பிரெஞ்சுத் தளபதிகள் 1940-ல் சொன்னதாகச் சொல்லி, அதைக் கிண்டலடித்தார். சபையே சிரித்துக் கைதட்டியது.

நல்ல மனநிலையில் சபாநாயகர் அறைக்குள் வந்தவருக்கு அங்கே ஒரு அதிர்ச்சி. விளக்கெல்லாம் போட்டு, பெரிய கேமராவோடு ஒருத்தர் தயாராக நிற்கிறார். கனடா பிரதமர் மெக்கன்ஸி கிங் செய்த ஏற்பாடு அது. போட்டோ எடுக்கப்போவதை சர்ச்சிலிடம் யாருமே சொல்லவில்லை.

கேமராவோடு நின்றவர் யூசுஃப் கார்ஷ். வயது 33. இன்றைய துருக்கியில் இருக்கும் மார்தின் என்ற ஊரில் பிறந்த ஆர்மீனியர். ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்ட காலத்தில் வளர்ந்து, குடும்பத்தோடு சிரியாவுக்குத் தப்பி, பதின்ம வயதில் கனடாவில் இருந்த மாமாவிடம் வந்து சேர்ந்தவர். மாமா ஸ்டூடியோ வைத்திருந்தார், இவரும் அந்தத் தொழிலையே பிடித்துக்கொண்டார்.

சர்ச்சில் ஒரு படத்துக்கு மட்டும் சம்மதித்தார். ஆனால் வாயில் சுருட்டு. கார்ஷ் ஆஷ்ட்ரேயை நீட்டிப் பார்த்தார், அவர் வைக்கவில்லை. கேமராவைச் சரிபார்த்தார், சுருட்டு அப்படியே இருந்தது. நேராக அவரிடம் போய், மன்னிக்கணும் சார் என்று சொல்லிவிட்டு, சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார்! திரும்பி வந்து பட்டனை அழுத்தினார். நாம பார்க்கிற முறைப்பு அதுதான். அப்புறம் சர்ச்சில் சிரித்துவிட்டார், இன்னொரு படத்துக்கும் நின்றார். கர்ஜிக்கும் சிங்கத்தையே உன்னால் அசையாமல் நிற்கவைக்க முடியுது என்று அவர் சொன்னதாக கார்ஷ் பிறகு எழுதினார். படத்துக்கும் 'கர்ஜிக்கும் சிங்கம்' என்பதே பெயராகிவிட்டது. சிரித்த படமும் இருக்கு. ஆனா போர்க்காலத்துக்குத் தேவைப்பட்டது முறைத்த முகம்.

இனிமேல் கதை கொஞ்சம் க்ரைம் பக்கம் போகுது. ஒட்டாவாவில் ஷாட்டோ லாரியே என்று ஒரு பழைய ஹோட்டல். கார்ஷும் அவர் மனைவியும் பல வருஷம் அங்கேயே குடியிருந்தார்கள், அவருடைய ஸ்டூடியோவும் அங்கேதான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட இந்தப் படத்தின் பிரிண்ட் ஒன்று, ஃபிரேம் போட்டு அங்கே ஹாலில் மாட்டியிருந்தது. 2022 ஆகஸ்ட்டில் ஊழியர் ஒருவர் கவனித்தார்: இந்த ஃபிரேம் மட்டும் பக்கத்துப் படங்களின் ஃபிரேம் மாதிரி இல்லையே! கார்ஷின் படங்களைக் கவனித்துக்கொள்பவரிடம் கையெழுத்தைக் காட்டினார்கள். போலி. அசல் பிரிண்ட் 2021 கிறிஸ்துமஸுக்கும் 2022 ஜனவரி முதல் வாரத்துக்கும் நடுவிலேயே திருடுபோயிருந்தது. ஏறக்குறைய எட்டு மாதம் அத்தனை பேரும் நகலைத்தான் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நெட்டில் சும்மா கிடைக்கிற படத்தை ஏன் திருடணும்னு கேட்பீங்க. போட்டோ பிரிண்ட் என்பது ஜெராக்ஸ் மாதிரி இல்லை. இருட்டறையில் நெகட்டிவ் வழியாக ஒளியைத் தாளில் விழவைத்து, எந்த இடம் எவ்வளவு கறுக்கணும், எவ்வளவு வெளுக்கணும் என்று முடிவு செய்து, ஒவ்வொன்றாக எடுப்பது. கார்ஷ் தன் நெகட்டிவ்களை கனடாவின் தேசிய ஆவணக்காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன்பின் அவற்றிலிருந்து புதுப் பிரிண்ட் போட அனுமதி இல்லை. அதனால் அவர் கையெழுத்தோடு இருக்கும் பிரிண்ட்டுகள் இனி கூடப்போவதில்லை.

அசல், லண்டனில் ஏலம் போய், இத்தாலியின் ஜெனோவா நகரில் ஒருவர் வீட்டில் இருந்தது. திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியாது. 2024-ல் திரும்பி வந்து அதே சுவரில் ஏறியது. திருடிய கனடாக்காரருக்கு 2025-ல் சிறைத் தண்டனை.

எட்டு மாதம் யாருமே கவனிக்காததற்கு என்ன காரணம்? நகல் நன்றாக இருந்திருக்கும், சரி. இன்னொரு காரணமும் இருக்கு. ரொம்பப் பழகிய படத்தை நாம் பார்ப்பதே இல்லை. இவர் யார் என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் சுவரைப் பார்க்கிறோம்.

இதே மனிதர் பிரதமராக இருந்த 1943-ல், வங்காளத்தில் பஞ்சத்தாலும் அதோடு வந்த நோயாலும் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். பர்மா ஜப்பானிடம் விழுந்ததால் அரிசி வரத்து நின்றது, புயல் அடித்தது, போர்ச் செலவில் விலை எகிறியது. தானியம் அனுப்பச் சொல்லி இந்தியாவிலிருந்து போன கோரிக்கைகளுக்கு, கேட்ட அளவு கப்பல் ஒதுக்க லண்டன் போர் அமைச்சரவை மறுத்தது. சர்ச்சிலின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னமும் மோதிக்கொள்கிறார்கள்.

அந்தப் பஞ்சத்துக்கும் ஒரு கலைஞர் இருந்தார், சித்தப்பிரசாத். மிட்னாப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை மையால் வரைந்தார். 'ஹங்ரி பெங்கால்' என்ற பெயரில் அது சிறு நூலாக அச்சானது. பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. குடும்பத்திடம் தப்பிய ஒரு பிரதியை வைத்துத்தான் 2011-ல் மறுபதிப்பு வந்தது.

இரண்டும் ஒரே போரின் படங்கள். ஒன்று பணநோட்டு வரை போனது, இன்னொன்று தீக்குப் போனது. அதனால கார்ஷ் படம் பொய்யாகிவிடாது. அது அற்புதமான போட்டோதான். ஆனா அடுத்த தடவை எங்கேயாவது ஃபிரேமுக்குள் ஒரு தலைவரைப் பார்த்தா, மூணு கேள்வி கேளுங்க. யார் எடுத்தது? அதுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது? அதே வருஷத்துல எந்தப் படத்தை மாட்ட விடல?

சித்தப்பிரசாத்தின் ஓவியங்களைத் தேடிப் பாருங்க. பார்த்துட்டு என்ன தோணுச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.