உடன் ஓடியவன் வீழ்ந்தால்…

பந்தயம் முந்துவதற்காக நடைபெறுவது. ஒருவன் வீழ்ந்தால் அது மற்றவனுக்கு வாய்ப்பு என்று கருதுவோரும் உளர். சைக்கிள் ஓட்ட வீரரிடையே அக்கருத்துக்கு முழு இடமில்லை என்பதை, போலந்து நாட்டுக் கட்டோவிற்சே நகரிலே 2020ஆம் ஆண்டு ஒகஸ்ட் 5ஆந் திகதி நிகழ்ந்த சம்பவம் காட்டிற்று.

அன்று போலந்துச் சுற்றுப் பந்தயத்தின் முதல் நாள். முடிவெல்லை இறக்கமான தெருவில் அமைந்திருந்தது. மணிக்கு 80 கிலோமீற்றர் அளவான வேகத்திலே வந்த டிலான் குறூனவேகன் என்பார் தம் பாதையினின்றும் விலகி இடத்தை மறித்தமையால், பேபியோ யாக்கொப்சன் என்னும் ஒல்லாந்து வீரர் தெருவோரத் தடுப்பின்மீது வீசப்பட்டார். முகமும் தாடையும் சிதைந்தன. தொண்டையில் இரத்தம் நிறைந்து மூச்சுத் திணறிற்று. அவருடைய அணியைச் சேர்ந்த புளோறியன் செனெசால் என்ற பிரெஞ்சு வீரர் சைக்கிளை விட்டிறங்கி அருகிற் சென்று, அவருடைய கையைப் பற்றி, தலையைச் சற்றே உயர்த்தி, இரத்தம் வெளியே வழியச் செய்தார். பின்னர் வைத்தியர்கள் முகத்தில் 130 தையல்கள் இட்டனர். இடுப்பிலிருந்து எடுத்த எலும்பைக்கொண்டு தாடையைச் சீர்செய்தனர். மறு ஆண்டிலேயே யாக்கொப்சன் ஸ்பானியச் சுற்றுப் பந்தயத்தில் மூன்று நாள் வென்றார். அதே பந்தயத்தில், அவருக்காக வகுத்த திட்டம் கைகூடாத ஒரு நாளிலே, வென்றவர் செனெசால்!

செனெசால் செய்தது எளிய செயல்தான். எனினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. தலையிலோ கழுத்திலோ அடிபட்டவனை அசைத்தல் ஆகாது என்பது முதலுதவியின் முக்கிய விதி. கழுத்தெலும்பு முறிந்திருப்பின், ஒரு திருப்பலில் முள்ளந்தண்டு நரம்பு பழுதாகிக் கைகால்கள் வழங்காமற் போதல் கூடும். ஆனால் மூச்சுத் தடைப்பட்டவனுக்கு உள்ள அவகாசமோ சில நிமிடங்களே. ஆதலின் வாயில் இரத்தமோ வாந்தியோ நிறையுமாயின் மூச்சே முதன்மை பெறும். அப்பொழுது ஒருவர் தலையை இரு கைகளாலும் தாங்க, ஏனையோர் உடலைப் பிடித்து, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே மரத்துண்டுபோல் ஒருங்கே திரும்புமாறு பக்கவாட்டிற் கிடத்தல் வேண்டும். மூச்சுச் சீராக இருப்பின் தலையை அசையாது பிடித்துக்கொண்டு காத்திருத்தலே போதும். தலைக்கவசத்தையும் கழற்ற வேண்டியதில்லை.

நம் ஊர்களிலோ நடப்பது வேறு. ஒருவன் வீழ்ந்ததும் நால்வர் ஓடிவந்து அக்குளிற் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவர். ஒருவர் சோடா வாங்கிவந்து பருக்குவார். மற்றொருவர் காயத்திற் கோப்பித்தூள் அப்புவார். அன்பினாற் செய்யப்படுவனவே எனினும் மூன்றும் தவறானவை. மயக்கமுற்றவன் வாயில் ஊற்றிய நீர் சுவாசப்பைக்குட் செல்லும். சத்திரசிகிச்சை தேவைப்படின், நிறைந்த வயிறு வைத்தியருக்கு இடையூறாகும். இரத்தம் பெருகும் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்தி, இடையிடையே எடுத்துப் பாராமற் பத்து நிமிடம் பிடித்தல் வேண்டும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துக. சிராய்ப்பாயின் நல்ல நீரால் மண்ணும் கல்லும் போகக் கழுவி, ஏற்புவலித் தடுப்பூசிபற்றி வைத்தியரிடம் கேட்டல் நன்று. வீழ்பவர் கையை ஊன்றுவதாற் காறையெலும்பு முறிதல் மிகச் சாதாரணம். ஒரு சால்வையால் கையை மார்போடு தூக்கிக் கட்டினால் வேதனை தணியும்.

கரியரில் இருக்கும் சிறுபிள்ளையின் குதிக்கால் பின்சில்லுக் கம்பிகளுள் அகப்படுவதும் உண்டு. அப்பொழுது சில்லைப் பின்னோக்கிச் சுழற்றிக் காலை இழுப்பவரே பலர். தசை மேலும் கிழிய அதுவே வழி. குறட்டாற் கம்பிகளை வெட்டுக. கம்பி போனால் கடையில் வாங்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னர், ஒருவன் சற்றுத் தொலைவிலே நின்று வரும் வாகனங்களை எச்சரிக்க வேண்டும். இன்னொருவன் 1990 என்னும் இலக்கத்தை அழைக்க வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்கிற்கும் வந்த அந்த இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கையில் ஊர்ப்பெயர் மட்டும் கூறாது, அண்மையிலுள்ள கோயிலையோ சந்தியையோ குறிப்பிடுதல் வேண்டும்.

கூட்டமாகச் செல்வோர் அடிக்கடி தம்மை எண்ணிக்கொள்வதும் அவசியம். 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆந் திகதி, சூரிச் நகரில் நடந்த உலக இளையோர் பந்தயத்திலே, மூரியல் பூறர் என்ற பதினெட்டு வயது மங்கை மழையில் நனைந்த காட்டுப் பாதையில் வீழ்ந்தாள். உலகப் பந்தயமாயிருந்தும், அவள் வீழ்ந்துகிடந்ததை நெடுநேரம் எவரும் அறிந்திலர். மறுநாள் உயிர் நீங்கிற்று.

மாணவர்க்குச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. வீழ்ந்தவன் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, “வீட்டில் சொல்லிப் போடாதேங்கோ” என்பான், தோழரும் உடன்படுவர். ஏச்சுக்கு அஞ்சிச் செய்யும் இவ்வுடன்படிக்கை ஆபத்தானது. தலையோட்டுக்குள் இரத்தம் கசியும்பொழுது, அடிபட்டவன் முதலிற் தெளிவாகப் பேசிவிட்டுச் சில மணிநேரத்தின் பின் மயங்குதல் உண்டு. கைபிடியின் முனை வயிற்றிற் குத்தினால், தோலிற் சிறு கண்டல் மட்டும் தெரிய, உள்ளே மண்ணீரலோ ஈரலோ கிழிந்திருக்கவும் கூடும். தலைவலி மிகுதல், வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், வயிற்றுநோவு இவற்றுள் ஒன்றேனும் தோன்றின் காலைவரை பொறுத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெற்றார்க்கு விடயமே தெரியாவிடின் அக்குறிகளை யார் கவனிப்பது? ஆகவே தோழருள் ஒருவன் அவனை வீடுவரை கூட்டிச்சென்று, எத்தனை மணிக்கு வீழ்ந்தான், நினைவிழந்தானா, எவ்விடத்தில் அடிபட்டது என்பவற்றை ஒரு கடதாசியில் எழுதித் தாயாரிடம் கொடுத்துவிட்டு வரட்டும். இரவில் வைத்தியர் முதலிற் கேட்பன அவையே.