'சாங்ஷன்' என்றால் அனுமதியா, தடையா? ஒரே வினைச்சொல்லுக்கு இரண்டு எதிரெதிர் அர்த்தம் வந்தது எப்படி?

"லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று பேங்கிலிருந்து போன் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதுவே, "அந்த பேங்கை அமெரிக்கா சாங்ஷன் பண்ணிடுச்சு" என்று செய்தி வந்தால், அந்த பேங்கோடு வரவு செலவு வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

இரண்டு இடத்திலும் வருவது ஒரே ஆங்கில வினைச்சொல்தான். முதல் இடத்தில் 'ஒப்புதல் கொடுப்பது', அடுத்த இடத்தில் 'தடை விதித்துத் தண்டிப்பது'. இப்படி நேர் எதிரான இரண்டு வேலையை ஒரே சொல் எப்படிச் செய்கிறது?

வேர் எங்கே இருக்கிறது?

'சாங்ஷன்' லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். அங்கே 'சான்கிரே' என்ற வினைச்சொல்லுக்கு, ஒன்றைப் புனிதமாக்குவது, யாரும் மீற முடியாதபடி உறுதி செய்வது என்று பொருள். புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்', சரணாலயத்தைக் குறிக்கும் 'சாங்சுவரி' ஆகிய சொற்களும் இதே குடும்பம்தான். கோயில் கருவறையை ஆங்கிலத்தில் 'சாங்க்டம்' என்கிறார்களே, அதுவும் இந்த வகையறாதான்.

ஆக, 'சாங்ஷன்' என்பது ஆரம்பத்தில் மீறக் கூடாத ஆணையைக் குறித்தது. வரலாற்றுப் புத்தகங்களில் இதற்குப் பிரபலமான உதாரணம் ஒன்று உண்டு. ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸ், ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளும் ஆட்சிக்கு வரலாம் என்று 1713-ல் ஓர் ஆணை போட்டார். அதன் பெயர் 'பிராக்மாட்டிக் சாங்ஷன்'. 1740-ல் அவர் மகள் மரியா தெரசா ஆட்சிக்கு வர அந்த ஆணைதான் அடிப்படை.

ஒரு வேர், இரண்டு கிளை

எந்தச் சட்டத்திலும் இரண்டு பகுதி இருக்கும். 'இதைச் செய்யலாம்' என்பது ஒன்று. 'மீறினால் இதுதான் தண்டனை' என்பது இன்னொன்று. 'சாங்ஷன்' இந்த இரண்டு பக்கமும் கிளை விட்டது.

18-ம் நூற்றாண்டில் இது வினைச்சொல்லாகப் புழக்கத்துக்கு வந்தபோது, ஒப்புதல் தருவது என்ற பொருளே இருந்தது. தண்டிப்பது என்ற பொருளில் வினைச்சொல்லாகப் பயன்படுத்துவது 20-ம் நூற்றாண்டில் வந்த பழக்கம். அதற்கு வழிபோட்டது உலக அரசியல். 1935-ல் எத்தியோப்பியா மீது இத்தாலி படையெடுத்தபோது, சர்வதேச சங்கம் இத்தாலி மீது பொருளாதாரத் தடை விதித்தது. அப்போதே 'சாங்ஷன்ஸ்' செய்தித்தாள் வார்த்தையாகிவிட்டது.

இந்தியாவுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடந்ததும், அமெரிக்கா இந்தியா மீது 'சாங்ஷன்ஸ்' போட்டது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ரஷ்யா பற்றிய செய்திகளில் இந்த வார்த்தையை அடிக்கடி பார்க்கிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்லுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். லோன், லீவ், நிதி, திட்டம், பணியிடம் போன்றவற்றை 'சாங்ஷன்' செய்தால், அது ஒப்புதல். நாடு, நிறுவனம், கப்பல், தனிநபர் ஆகியோரை 'சாங்ஷன்' செய்தால், பெரும்பாலும் அது தடை.

பன்மையில் 'சாங்ஷன்ஸ்' என்று வந்து, பின்னால் 'ஆன்' அல்லது 'அகெயின்ஸ்ட்' என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், தடைதான்.

கோர்ட் செய்திகளில் கொஞ்சம் கவனம் தேவை. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த 'சாங்ஷன்' கிடைத்தது என்று வந்தால், அவருக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, அரசு ஊழியர் மீதான வழக்கை கோர்ட் விசாரணைக்கு ஏற்க, உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத்தான் 'சாங்ஷன்' என்கிறார்கள். குற்றம் நிரூபணமாவது அதற்குப் பிறகு நடக்க வேண்டிய வேலை.

'சாங்ஷன்' ஆனால் கையில் வந்த மாதிரியா?

இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 'சாங்ஷன்' ஆன நீதிபதி பணியிடங்கள் 75. அதனால் 75 பேரும் எப்போதும் பணியில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற இடங்கள் நிரப்பப்படும் வரை காலியாகவே இருக்கும்.

ஹோம் லோனும் இதே கதைதான். சாங்ஷன் லெட்டர் என்பது, 'இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு இவ்வளவு தொகை வரை கடன் தரத் தயார்' என்று பேங்க் சொல்வது. சொத்துப் பத்திரங்களைச் சரிபார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே பணம் வரும். அதற்குப் பெயர் 'டிஸ்பர்ஸ்மென்ட்'. பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால், சாங்ஷன் ஆன லோனும் நின்றுபோகலாம். அந்த லெட்டருக்குக் காலக்கெடுவும் உண்டு.

எனவே லெட்டரை மட்டும் நம்பி பில்டருக்குப் பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுப்பதற்கு முன், மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். லெட்டர் எந்தத் தேதி வரை செல்லும்? என்னென்ன நிபந்தனைகள் பாக்கி இருக்கின்றன? பணம் தருவதற்குள் வட்டி விகிதம் மாறுமா?

ஆபீஸ் மெயிலில் எழுதும்போதும் ஒரு சின்ன யோசனை. வெளிநாட்டு கிளையன்டுக்கு, 'உங்கள் நிறுவனத்தை சாங்ஷன் செய்திருக்கிறோம்' என்று எழுதிவிட்டால், தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்களோ என்று அவர் பதறலாம். நேராக 'அப்ரூவ்' என்றே எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.