எம்.எம்.ஏ பயிற்சிக்கு எந்த ஷார்ட்ஸ் வாங்கணும்? பாக்கெட், ஜிப் இருந்தா ஏன் சிக்கல்? முழு விவரம்

மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ், சுருக்கமாக எம்.எம்.ஏ. 2024 ஜூனில் பூஜா தோமர் யு.எஃப்.சி மேடையில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இப்படிப்பட்ட சண்டைகளைப் பார்த்துவிட்டு பயிற்சியில் சேர நினைப்பவர்களுக்கு முதலில் வரும் கேள்வி, "என்ன போட்டுட்டு போறது?" வீட்டில் இருக்கும் ஜிம் ஷார்ட்ஸே போதும்னு பலர் நினைக்கிறாங்க. முதல் நாள் உதைத்துப் பழக அது போதும். ஆனால் தரையில் கட்டிப் புரளும் பயிற்சி தொடங்கியதும் பிரச்னை ஆரம்பிக்கும்.

சாதாரண ஷார்ட்ஸ் ஏன் வேண்டாம்?

எம்.எம்.ஏ-வில் குத்து, உதை மட்டும் இல்லை. மல்யுத்தம், ஜியு-ஜிட்சு பிடிகளும் உண்டு. புரளும்போது பாக்கெட்டுக்குள் விரல் நுழைந்து மாட்டினால், உங்களுக்கோ உங்களோடு பயிற்சி செய்பவருக்கோ விரல் பிசகலாம், எலும்பே முறியலாம். ஜிப், பட்டன், உலோகக் கொக்கி எல்லாம் தோலைக் கிழிக்கும், மேட்டையும் கிழிக்கும். அதனால்தான் சண்டைக்கான ஷார்ட்ஸில் இவை எதுவும் இருக்காது.

பருத்தித் துணியும் இதற்கு சரிவராது. வியர்வையை உறிஞ்சி கனமாகி, தொடையில் ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டருடன் ஸ்பான்டெக்ஸ் கலந்த துணி லேசாக இருக்கும், சீக்கிரம் காயும்.

என்னென்ன வகை இருக்கு?

ஃபைட் ஷார்ட்ஸ்: தளர்வானது. இரண்டு பக்கமும் வெட்டு இருக்கும், கவட்டுப் பகுதியில் இழுபடும் துணி வைத்துத் தைத்திருப்பாங்க. உதை, தரைச் சண்டை இரண்டுக்கும் ஏற்றது. முதல்முறை வாங்குபவர்கள் இதையே எடுக்கலாம்.

வாலே டுடோ ஷார்ட்ஸ்: உடம்போடு ஒட்டிய இறுக்கமான வகை. முன்னாள் சாம்பியன் ஜார்ஜஸ் செயின்ட் பியர் அணிந்தது இதைத்தான். பிடிச் சண்டையில் எங்கும் மாட்டாது. தனியாக அணியக் கூச்சப்படுபவர்கள் ஃபைட் ஷார்ட்ஸுக்கு உள்ளே போட்டுக்கலாம்.

முவாய் தாய் ஷார்ட்ஸ்: குட்டையானது, இடுப்பில் அகலமான எலாஸ்டிக். உதைக்க அருமை. தரையில் புரளும்போது மேலே ஏறிவிடும், துணி சுருண்டுகொள்ளும்.

இடுப்புப் பட்டியை கவனிங்க

ஷார்ட்ஸில் முதலில் பழுதாவது பெரும்பாலும் இடுப்புப் பகுதிதான். வெல்க்ரோ மட்டும் இருந்தால், நாள்பட பிடிமானம் குறைந்து பாதிச் சண்டையில் திறந்துகொள்ளும். வெளியே தெரியும் வெல்க்ரோ எதிரில் இருப்பவர் தோலையும் கீறும். வெல்க்ரோவுடன் நாடாவும் இருப்பது, அல்லது எலாஸ்டிக்குடன் நாடா இருப்பது நல்லது. நாடாவின் முடிச்சு உள்பக்கம் இருக்கணும்.

கடையிலேயே செய்யக்கூடிய 4 சோதனைகள்

1. முழுசா குத்துக்கால் போட்டு உட்காருங்க. கவட்டில் இழுக்கக் கூடாது.
2. முழங்காலை நெஞ்சு வரை தூக்குங்க. துணி தடுத்தால் உதையும் தடைபடும்.
3. தரையில் உட்கார்ந்து கால்களை அகட்டிப் பாருங்க. இடுப்பு கீழே இறங்கக் கூடாது.
4. கிரிக்கெட் பேட்ஸ்மேன்கள் அணியும் கார்டு போன்ற இடுப்புக் கவசத்தை உள்ளே போட்டுப் பாருங்க. ஆண்களுக்குப் போட்டியில் இது கட்டாயம் என்பதால், அதோடு சேர்த்துதான் அளவு பார்க்கணும்.

ஆன்லைனில் வாங்கினால் ஜீன்ஸ் சைஸை நம்பாதீங்க. இன்ச் டேப்பால் இடுப்பை அளந்து, அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்க. இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால், திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க.

போட்டி விதி என்ன சொல்லுது?

1993-ல் நடந்த முதல் யு.எஃப்.சி-யில் ராய்ஸ் கிரேசி ஜியு-ஜிட்சு அங்கியான 'கி' அணிந்தே சண்டையிட்டு வென்றார். பின்னர் வந்த 'யுனிஃபைட் ரூல்ஸ்' எனும் பொது விதிகளில் 'கி'யும் ஷூவும் தடை செய்யப்பட்டன. எதிராளியின் ஷார்ட்ஸைப் பிடித்து அவரைக் கட்டுப்படுத்துவதும் ஃபவுல்.

'கி' இல்லாத ஜியு-ஜிட்சு போட்டிக்குப் போறீங்களா? சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதி இன்னும் கறார். ஷார்ட்ஸ் தொடையின் பாதியையாவது மறைக்கணும், முழங்காலைத் தாண்டக் கூடாது. கருப்பு, வெள்ளை, அல்லது இரண்டும் கலந்த நிறம். பெல்ட் நிறம் இருந்தால் 50 சதவீதத்துக்குள். பாக்கெட் இருந்தால் முழுசா தைத்து மூடியிருக்கணும். எடை பார்த்து, பெயர் கூப்பிட்ட பிறகு "ஷார்ட்ஸை மாத்திட்டு வாங்க"ன்னு நடுவர் திருப்பி அனுப்பும் நிலை வேண்டாமே. விண்ணப்பிக்கும்போதே உடை விதியைப் படிச்சிடுங்க.

பிராண்டு முக்கியமா?

யு.எஃப்.சி வீரர்கள் 2015 ஜூலை முதல் ரீபோக், 2021 ஏப்ரல் முதல் வெனம் உடையில் வருகிறார்கள். அது நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம். 'சாம்பியன் போடுறார்' என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. தையல், துணி, இடுப்புப் பட்டி மூன்றும் சரியாக இருந்தால் விலை குறைந்ததும் நன்றாகவே உழைக்கும்.

துவைக்காம போடாதீங்க

வியர்வை ஈரத்தோடு பையில் கிடந்த ஷார்ட்ஸை மறுநாளும் போட்டால் படர்தாமரை, தோல் தொற்று வரலாம். மேட் வழியாக மற்றவர்களுக்கும் பரவும். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துவைத்து, நிழலில் நன்றாகக் காயவைக்கணும். துவைக்கும் முன் வெல்க்ரோவை ஒட்டி மூடிடுங்க, இல்லாவிட்டால் மற்ற துணிகளில் சிக்கி நூலை இழுக்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம், வியர்வையை வெளியேற்றும் தன்மை குறையும்.

வாரத்துக்கு 3 நாளுக்கு மேல் பயிற்சி என்றால், விலை உயர்ந்த ஒன்றை விட நடுத்தர விலையில் இரண்டு வாங்குவதே புத்திசாலித்தனம். ஒன்று காயும்போது இன்னொன்று கைவசம் இருக்கும்.