துளையிலா எக்காளமும் மூலபாடமும்

பழஞ்சுவடிகளோடு பழகியோர்க்கு ஓர் அநுபவம் உண்டு. மூலத்தில் வழுவாகத் தோன்றிய ஓரிடத்தைப் பதிப்பாசிரியர் ஒருவர் நல்லெண்ணத்தோடு திருத்திவிடுவார். பின்வந்தோர் அத்திருத்தத்தையே மூலமாகக் கொண்டு பொருள் உரைப்பர். பழைய ஏடு மீண்டும் கைக்கு எட்டும்போதோ, வழு என்று களைந்த சொல்லே கருத்துக்கு உயிராய் நிற்கக் காண்போம். ஐரோப்பிய இசையில் டிரம்பெட் என்னும் எக்காளத்திற்கு நேர்ந்ததும் இதுவே.

இன்றைய டிரம்பெட்டில் விரலால் அழுத்தும் வால்வுகள் உள்ளன. ஷ்டோல்ட்ஸெல், ப்ளூமெல் என்னும் இருவர் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றது 1818 இல். அதற்கு முற்பட்ட எக்காளமோ, நம் கோயில்களின் திருச்சின்னம் போலத் துளையும் விசையும் அற்ற வெறுங்குழல்; ஆனால் ஏறத்தாழ 7 அடி நீளமுள்ளதாய் மடித்து வளைக்கப்பட்டது. அத்தகைய குழலின் ஆதார ஒலியை 1 எனக் கொண்டால், 2, 3, 4 என்னும் முழுமடங்குகளே அதில் எழும். கீழ்ஸ்தாயிகளில் இவை ஒன்றுக்கொன்று எட்ட நிற்பன. 8 முதல் 16 வரையுள்ள மடங்குகளில்தான் ஸ்வரங்கள் அடுத்தடுத்து நெருங்கி, இசை ஒழுகுவதற்கு இடம் தரும். இப்பகுதியைக் க்ளாரினோ என்பர்.

அங்கும் இரண்டு இடர்கள் உள. 11 ஆம் மடங்கு சுத்த மத்யமமும் அன்று, ப்ரதி மத்யமமும் அன்று. ஏறக்குறைய இரண்டிற்கும் நடுவே நிற்பது. 13 ஆவது சுத்த தைவதத்திற்கும் சதுச்ருதி தைவதத்திற்கும் இடைப்பட்டது. ஆயின் யோஹான் செபாஸ்டியன் பாஹ் முதலியோர் இவ்விடங்களில் ஸ்வரங்களைத் தயக்கமின்றி எழுதியது எங்ஙனம் என்னில்: வாசிப்பவன் உதட்டாலும் மூச்சாலும் அவ்வொலியை வேண்டிய பக்கம் சிறிது சாய்த்துக்கொண்டான். லைப்ஸிக் நகரில் பாஹின் காலத்து முதன்மை எக்காள வித்வான் கொட்ஃப்ரீட் ரைஹெ. சுருள் எக்காளத்தைக் கையில் ஏந்திய அவருடைய ஓவியம் இன்றும் உள்ளது. இவ்வித்தை சங்கங்களாக அமைந்த வித்வான்களிடம் குருசிஷ்ய முறையில் வழங்கியது. ஆல்டன்பர்க் என்பவர் 1795 இல் இக்கலைக்கு நூல் எழுதி வெளியிட்டபோது, அக்கலையே தேய்ந்துகொண்டிருந்தது. பரம்பரை அறுந்தது, குறிப்பேடுகள் மட்டும் எஞ்சின.

1960 இல் ஷ்டைன்கொப்ஃப், ஃபிங்கெ என்னும் இருவர் ரைஹெயின் ஓவியத்தைப் பார்த்து ஒரு சுருள் எக்காளம் சமைத்தனர். ஆயினும் குழலில் சிறு துளைகள் இட்டனர். உரிய துளையைத் திறந்தால் வழுவுடைய மடங்குகள் நேர்ப்படும். பதிப்பாசிரியரின் திருத்தம் என்றது இதனையே. இத்துளைகளைப் பழித்தல் எளிது. அவை இல்லையேல் பழைய இசை மேடையேறியே இராது என்பதையும் உடன் சொல்ல வேண்டும். தீங்கு யாதெனில், துளையுள்ள கருவியே 'பழைய எக்காளம்' என்னும் பெயரைப் பெற்றுவிட்டது. அண்மைக்காலத்தில் ழான்-ஃப்ரான்ஸ்வா மதெஃப் போன்றோர் துளையின்றியே வாசித்தும் கற்பித்தும் வருகின்றனர்.

துளையிலாக் கருவி இக்கால வித்வானுக்குக் கற்பிப்பது முதற்கண் செவியை. மேல்மடங்குகள் நெருங்கி நிற்பதால், வேண்டிய ஸ்வரத்தை உள்ளத்தில் முன்னரே கேளாதவனுக்கு அயலது எழும். விரல் துணைக்கு வாராது. அடுத்தது மென்மை. 1721 இல் அர்ப்பணிக்கப்பட்ட பிராண்டன்பர்க் கான்செர்ட்டோக்களில் இரண்டாவதில், எக்காளத்தோடு மரப்புல்லாங்குழலும் ஓபோவும் வயலினும் சமமாகப் பேசுகின்றன. குறுங்குழலான இக்காலப் பிக்கலோ டிரம்பெட் அதனை வாசித்தால் புல்லாங்குழல் எளிதில் அமிழ்ந்துபோகும். எழுதியவர் நிறையறியாதவர் என்று குறைகூறுவதற்குமுன் நீண்ட குழலை ஊதிப்பார்த்தல் நன்று. மேல்ஸ்தாயியில் அது அடங்கிப் பேச வல்லது. நாவின் வேலையும் வேறு. 1638 இல் வெளிவந்த ஃபன்டீனியின் பாடநூல் நாவசைவுக்கு வெவ்வேறு அசைகளை விதிக்கிறது. ஆகவே ஏட்டில் சமமாகத் தோன்றும் ஸ்வரங்கள் சமமாக ஒலித்தன என்று கொள்ளற்க.

இனி, பொருளைத் தொடும் ஓரிடம். 1723 ஆகஸ்டு 22 இல் லைப்ஸிக்கில் முதன்முதல் பாடப்பெற்ற, பாஹின் 77 ஆம் எண்ணுள்ள காண்டாட்டாவில், தாழ்குரல் பாடும் ஒரு பாட்டு உண்டு. தன் அன்பில் குறையே எஞ்சுகிறது என்று ஜீவன் நைந்து உரைப்பது அதன் பொருள். உடன் வருவது ஒற்றை எக்காளம். அதற்கு எழுதப்பட்டவையோ, பலவிடங்களில் இயற்கை மடங்குகளுக்குப் புறம்பான ஸ்வரங்கள். கருவியின் தடுமாற்றமே பாட்டின் பொருள் என்பர் ஒருசாரார். இதற்கு ஆக்ஷேபம்: இப்படைப்புக்கு உரியதாகச் சொல்லப்படுவது ஊதுகுழாயை நீட்டிக் குறைக்கும் இழுவை எக்காளம், அதில் எல்லா ஸ்வரமும் எய்தலாம், ஆகவே தடுமாற்றம் என்பது கற்பனை. ஆக்ஷேபம் வலியதே. எனினும் எய்தலாம் என்பதும் எளிதில் எய்தலாம் என்பதும் ஒன்றல்ல. கருவியுடல் முழுவதையும் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி உதட்டாலும் சரிசெய்யும் வித்வானுடைய முயற்சி கேட்போர் செவிக்கு எட்டாமற் போகாது. வால்வுள்ள கருவியில் அப்பாட்டு வழுவின்றி இழைந்து செல்லும். கவி குறை என்று சொல்லும் அவ்விடத்திலேயே எக்காளம் நிறைவாக ஒலிக்கும்.