கடலுக்கு அடியில் ஒரு கலங்கல் ஆறு

ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசஸ்தலையாறு செந்நிறமாகப் பெருகி ஓடுவதைத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதி வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மண் எங்கே போகிறது? "கடலில் கலந்து விடுகிறது" என்போம். பெரிய மணல் கரையோரம் தங்கும். மெல்லிய களிமண் தொலைவு சென்று மெதுவாகப் படியும் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். அப்படியானால் ஆழ்கடலின் அடியில் களிமண் மட்டும்தானே இருக்க வேண்டும்? ஆனால் மூவாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் துளையிட்டுப் பார்த்தால், களிமண்ணுக்கு இடையிடையே மணல் அடுக்குகள் கிடைக்கின்றன. அலைகளின் வேகம் எட்டாத அந்த ஆழத்திற்கு மணலைச் சுமந்து சென்றது எது?

ஓர் எளிய சோதனை

நீளமான கண்ணாடி மீன்தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, ஒரு முனையை இரண்டு புத்தகங்கள் வைத்து உயர்த்துங்கள். ஒரு குவளையில் மண்ணைக் கரைத்து, அந்த மேட்டு முனையில் மெதுவாக ஊற்றுங்கள். கலங்கல் நீர் தொட்டி முழுவதும் பரவாது. அடித்தரையை ஒட்டிக்கொண்டு, முகப்பில் சுருண்டு புரண்டபடி சரிவில் இறங்கும். மேலே உள்ள நீர் தெளிவாகவே இருக்கும்.

காரணம் அடர்த்தி வேறுபாடு. ஒரு லிட்டர் கடல்நீரின் எடை சுமார் 1,025 கிராம். ஒரு லிட்டர் கலவையில் 50 கிராம் மணல் இருந்தால், அந்த மணல் அடைக்கும் இடம் சுமார் 19 கன சென்டிமீட்டர்தான். கலவையின் எடையோ 1,055 கிராம் ஆகிவிடும். அதாவது ஒரு கன மீட்டருக்கு 30 கிலோ கூடுதல். இந்தக் கூடுதல் எடையைப் புவியீர்ப்பு சரிவில் கீழே இழுக்கிறது. ஓட்டம் வேகம் பெற்றால் சுழல்கள் தோன்றி, மணலைப் படியவிடாமல் தூக்கிப் பிடிக்கின்றன. போகும் வழியில் தரையையும் அரித்து மேலும் கனமாகிறது. கனத்தால் மேலும் வேகம் பெறுகிறது. இதையே கலங்கல் ஓட்டம் என்கிறோம்.

தந்திக் கம்பிகள் தந்த சாட்சி

1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிகளில் 12 அறுந்தன. அருகில் இருந்தவை உடனே அறுந்தன. ஆனால் சரிவில் கீழே இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, கடைசிக் கம்பி 13 மணி 17 நிமிடம் கழித்து அறுந்தது! நில அதிர்வு இவ்வளவு மெதுவாகப் பரவாது. 1952இல் ஹீசன், யூவிங் என்ற அமெரிக்க அறிஞர்கள் இந்த நேரங்களைக் கணக்கிட்டு, சரிந்த வண்டல் கலங்கல் ஓட்டமாகப் பாய்ந்து கம்பிகளை அறுத்தது என விளக்கினர். செங்குத்தான பகுதியில் அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல்!

ஓட்டம் பாறையாவது எப்படி?

சரிவு முடிந்து சமதளம் வந்ததும் ஓட்டம் தளர்கிறது. முதலில் பருமணல் விழுகிறது, அதன்மேல் நுண்மணல், இறுதியில் வண்டலும் களிமண்ணும். ஒரு புட்டியில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் இதே வரிசையைக் காணலாம். டச்சு அறிஞர் கூனன் பெரிய தொட்டிகளில் இதைச் செய்து பார்த்தார். இத்தாலிய மலைப் பாறைகளில் இதே வரிசை இருப்பதை அறிந்திருந்த மிக்லியோரினியுடன் சேர்ந்து 1950இல் தம் முடிவை வெளியிட்டார். 1962இல் பௌமா என்பவர் இந்த அடுக்கை ஐந்து பகுதிகளாக வகுத்துக் காட்டினார். மேன்மேலும் வண்டல் படிய, அழுத்தத்தால் நீர் பிழியப்படுகிறது. சிலிக்கா, சுண்ணாம்பு போன்ற கனிமங்கள் துகள்களைப் பிணைக்கின்றன. மணல் மணற்கல்லாகவும், களிமண் களிப்பாறையாகவும் இறுகுகின்றன. இப்படிப்பட்ட பாறைக்கு டர்பிடைட் என்று பெயர்.

இதில் ஒரு வியப்பு உண்டு. ஒரு மணல் அடுக்கு படியச் சில மணி நேரமோ சில நாட்களோ போதும். அதன்மேல் உள்ள மெல்லிய ஆழ்கடல் களிமண் படலம் படிய நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். தடிமனை மட்டும் பார்த்துக் காலத்தைக் கணக்கிட்டால் ஏமாந்து போவோம்!

நம் வாசலில் உள்ள வியப்பு

உலகின் மிகப் பெரிய கலங்கல் படிவு எங்கே இருக்கிறது? நம் வங்காள விரிகுடாவிலேதான்! கங்கையும் பிரம்மபுத்திராவும் கொணர்ந்த இமயத்து மண், வங்கதேசக் கடலோரத்தின் ஆழ்பள்ளத்தாக்கு வழியே இறங்கி, விசிறிபோல் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்திற்கு, இலங்கையையும் தாண்டிப் பரந்துள்ளது. 2015இல் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல், இலங்கைக்குக் கிழக்கே ஏழு இடங்களில் இதைத் துளையிட்டு ஆராய்ந்தது. அங்கே கிடைத்த மணலும் அபிரகமும் இமயமலையிலிருந்து வந்தவை.

இதனால் நமக்கு என்ன? கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2009 ஏப்ரலில் எடுக்கத் தொடங்கிய எரிவாயு, இத்தகைய ஓட்டங்கள் படிய வைத்த மணலின் துளைகளில்தான் தேங்கியிருந்தது. ஆபத்தும் உண்டு. 2006 டிசம்பர் 26 அன்று தைவான் அருகே நிலநடுக்கத்தைத் தொடர்ந்து பாய்ந்த கலங்கல் ஓட்டங்கள் பல கடலடிக் கம்பிகளை அறுத்தன. ஆசிய நாடுகளின் இணையத் தொடர்பு தடுமாறியது. பழுது நீக்கப் பல வாரங்கள் ஆயின. 2020இல் சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போடப்பட்ட கம்பியும் இதே வங்கக் கடலடியில்தான் செல்கிறது. அங்கிருக்கும் மாணவரின் பாடமும், வியாபாரியின் வங்கிக் கணக்கும் அதன் வழியே வருகின்றன. கம்பி போடும் பாதையைத் தேர்ந்தெடுப்பவர்கள் கடலடிச் சரிவுகளையும் பள்ளத்தாக்குகளையும் முதலில் வரைபடமாக்குவது இதனால்தான்.

அடுத்த மழையில் ஆற்று நீர் கலங்கி ஓடும்போது ஒரு புட்டியில் பிடித்து வையுங்கள். மறுநாள் காலை அடியில் மணலும் மேலே களிமண்ணுமாகப் படிந்திருக்கும். கடலடிப் பாறை உருவாகும் கதையின் முதல் வரி அது.