பழைய சுவரை இடிக்குமுன்

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள் பல, 2009இல் போர் முடிந்தபின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிவந்து கண்டவை கூரையற்ற சுவர்களையே. இடித்துவிட்டுச் சீமெந்துக் கல்லால் கட்டுவோம் என்பதே பலரின் முதல் எண்ணம். சற்றுச் சிந்திப்போம்.

எமது முன்னோர் சுண்ணாம்புக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துத் தடிப்பாகக் கட்டினர். அத்தகைய சுவரினூடே பகல் வெக்கை உள்ளே வந்துசேரப் பல மணி நேரம் பிடிக்கும். பாரம் கூடிய சுவர் வீதி இரைச்சலையும் மறிக்கும். மெல்லிய சீமெந்துக் கற்சுவருக்கு இவ்விரு குணமும் குறைவு.

ஆகவே முதலில் அனுபவமுள்ள மேசனைக் கொண்டு சுவரைச் சோதிப்போம். சாய்ந்ததையும், ஷெல் பட்டோ ஆலம்வேர் புகுந்தோ பிளந்ததையும் இடிக்கத்தான் வேண்டும். உறுதியானதைக் காப்போம். அதற்குச் சீமெந்துப் பூச்சு வேண்டாம். அது ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். சுண்ணாம்புச் சாந்தே பொருந்தும்.

ஏற்கெனவே சீமெந்துக் கல்லால் கட்டியவர்களுக்கும் வழியுண்டு. மேற்குச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகுத் தட்டி கட்டினால் பின்னேர வெயில் சுவரில் படாது. அடுப்படிப் பக்கம் மட்டும் கிடுகு கூடாது. சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள நீக்கல் வழியே சத்தம் நுழையும். அதை முற்றாக அடைத்தால் சூடான காற்று வெளியேறாது. எனவே வீதிப் பக்கத்தை மட்டும் அடைப்போம்.

படிக்கும் பிள்ளைக்கு அமைதியும், தோட்டத்தால் களைத்து வருபவருக்குக் குளிர்ச்சியும் தரக்கூடிய சுவர் சிலரது வளவில் இப்போதே நிற்கிறது. அதை வீணே மண்ணாக்காதிருப்போம்.